டிஜிட்டல் லாஜிக் ஆய்வகத்தில் எந்தப் புராஜெக்டைச் செய்வது?

மூன்றாம் செமஸ்டர் மாணவர் ஒருவரின் கேள்வி இது. டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்துக்காக நால்வர் கொண்ட குழு ஒரு மினி புராஜெக்ட் செய்ய வேண்டும். கூட்டல்-கழித்தல் சுற்று, கடிகாரம், வினாடி வினா பஸ்ஸர், போக்குவரத்து விளக்கு என்று நான்கு தலைப்புகள் கொடுக்கப்பட்டுள்ளன. இவற்றில் எதை எடுப்பது? 74 வரிசை ஐசிக்களை (74 என்று எண் தொடங்கும் லாஜிக் சில்லுகளை) வாங்கிப் பிரெட்போர்டில் (கம்பிகளைச் செருகிச் சுற்றுக் கட்டும் துளைப் பலகையில்) கட்டுவதா, கல்லூரியில் இருக்கும் எஃப்பிஜிஏ (உள்ளிருக்கும் சுற்றை நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய சில்லு) போர்டில் வெரிலாக் (சுற்றை எழுத்தில் விவரிக்கும் மொழி) எழுதிச் செய்வதா, அல்லது சிமுலேஷனோடு நிறுத்திக்கொள்ளலாமா?

கடிகாரத்தை எடுங்கள், முதலில் பிரெட்போர்டில் கட்டுங்கள், பிறகு அதே கடிகாரத்தை வெரிலாகில் எழுதுங்கள். இரண்டுக்கும் நேரம் போதாது என்றால் பஸ்ஸரை எடுத்து, அதைப் பிரெட்போர்டில் மட்டும் ஒழுங்காகச் செய்யுங்கள். சிமுலேஷன் எந்தப் புராஜெக்டுக்கும் தேவையான ஒரு படி. அதுவே புராஜெக்ட் ஆகிவிடாது.

நான் இப்படிச் சொல்வதற்கான காரணம், ஒரு புராஜெக்டை எடைபோட நான் பயன்படுத்தும் அளவுகோல். தாளில் எழுதிய உண்மை அட்டவணையும் (எந்த உள்ளீட்டுக்கு எந்த வெளியீடு என்ற பட்டியல்) மேசையில் இருக்கும் சுற்றும் ஏதாவது ஓர் இடத்தில் முரண்பட வேண்டும். அந்த முரண்பாட்டின் காரணத்தைக் கண்டுபிடித்தால்தான் மேலே போக முடியும் என்ற கட்டாயம் மாணவருக்கு வர வேண்டும். உண்மை அட்டவணையில் 0, 1 என்ற இரண்டு மதிப்புகள் மட்டுமே உண்டு. காலம் என்ற ஒன்று அதில் இல்லை, மின்னழுத்தம் இல்லை, எதனோடும் இணைக்கப்படாத உள்ளீடு என்ற நிலையும் இல்லை. இந்த மூன்றும் நுழையும் இடத்தில்தான் சுற்று வடிவமைப்பு என்ற பாடம் தொடங்குகிறது.

பாடத்திட்டத்தில் உள்ள வழக்கமான சோதனைகள் இந்த இடம் வரை மாணவரைக் கொண்டுபோவதில்லை. டிரெய்னர் கிட்டுக்குள் சீரான 5 வோல்ட் மின்வழங்கி இருக்கிறது, பல கிட்டுகளில் பொத்தானின் துள்ளலை நீக்கும் சுற்றும் எல்.இ.டி.க்கான மின்தடைகளும்கூட உள்ளேயே இருக்கின்றன. மாணவர் பேட்ச் கார்டைச் செருகி, அட்டவணையை நிரப்பி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார். முதல் சில வாரங்களுக்கு அது போதும். புராஜெக்டுக்கு அந்தக் கிட்டை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். அதேபோல, ஆர்டுயினோ ஒன்றை நடுவில் வைத்து, விளக்குகளை அதன் நிரலே ஏற்றி இறக்கும்படி செய்துவிட்டு, அதை டிஜிட்டல் லாஜிக் புராஜெக்ட் என்று காட்டுவதையும் நான் ஏற்பதில்லை. அது நல்ல மைக்ரோகண்ட்ரோலர் பயிற்சியாக இருக்கலாம். ஆனால் அதில் நீங்கள் வடிவமைத்த கேட் (0, 1 உள்ளீடுகளிலிருந்து ஒரு விடை தரும் அடிப்படைச் சுற்று) ஒன்றுகூட இல்லை.

தலைப்புக்குள் போகும் முன் எந்த ஐசி குடும்பத்தை வாங்குவது என்று முடிவு செய்துவிட வேண்டும், ஏனென்றால் பாதிக் குழுக்கள் இடறுவது இங்கேதான். கடையில் 7400 என்று கேட்டால் 74எல்எஸ்00, 74எச்சி00, 74எச்சிடி00 ஆகிய மூன்றில் எதுவும் கைக்கு வரலாம். மூன்றும் ஒரே வேலையைச் செய்பவை, கால்களின் வரிசையும் ஒன்றே. மின்னழுத்த எல்லைகள்தாம் வேறு. எல்எஸ் வகை தன் வெளியீட்டில் 1 என்று சொல்லும்போது குறைந்தபட்சம் 2.7 வோல்ட் தருவதாக மட்டுமே உறுதியளிக்கிறது. எச்சி வகையோ 5 வோல்ட் மின்வழங்கியில் தன் உள்ளீட்டை 1 என்று ஏற்க ஏறத்தாழ 3.5 வோல்ட் எதிர்பார்க்கிறது. எனவே எல்எஸ் ஐசியின் வெளியீட்டை நேராக எச்சி ஐசிக்குக் கொடுத்தால் சுற்று ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. எச்சிடி வகை 2 வோல்ட்டையே 1 என்று ஏற்றுக்கொள்வதால் அதற்கு இந்தச் சிக்கல் இல்லை. எல்லாவற்றையும் ஒரே குடும்பத்தில் வாங்குவது எளிய வழி; கலக்க வேண்டி வந்தால் எல்எஸ்ஸுக்குப் பிறகு எச்சிடி மட்டும்.

இணைக்காமல் விட்ட உள்ளீடும் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். எல்எஸ் போன்ற டிடிஎல் வகையில் அது பெரும்பாலும் 1 ஆகவே நடந்துகொள்ளும். எச்சி போன்ற சிமாஸ் வகையில் அது என்னவாக இருக்கும் என்று சொல்ல முடியாது, அருகில் கையைக் கொண்டுபோனாலே மாறும். ‘என் சுற்று நான் தொட்டால் வேலை செய்கிறது’ என்று மாணவர்கள் வியப்போடு சொல்லும்போது, பெரும்பாலும் எங்கோ ஒரு சிமாஸ் உள்ளீடு தொங்கிக்கொண்டிருக்கும். பயன்படுத்தாத உள்ளீடு ஒவ்வொன்றையும் தரையிலோ 5 வோல்ட்டிலோ கட்டுங்கள்.

எல்.இ.டி.யிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 74எல்எஸ்00 தன் வெளியீடு 0 ஆக இருக்கும்போது 8 மில்லியாம்பியர் வரை உள்வாங்கும்; 1 ஆக இருக்கும்போது 0.4 மில்லியாம்பியர் மட்டுமே வெளியே தரும் என்று டேட்டாஷீட் (தயாரிப்பாளரின் விவரத் தாள்) உறுதி சொல்கிறது. ஆகவே எல்.இ.டி.யை 5 வோல்ட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையே, 330 ஓம் மின்தடையோடு சேர்த்து இணைக்க வேண்டும். விளக்கு 0-இல் எரியும். தலைகீழாக எரிவது பிடிக்கவில்லை என்று சொல்லி, எல்.இ.டி.யை வெளியீட்டுக்கும் தரைக்கும் இடையே மாட்டுபவர்கள், அதே வெளியீட்டை அடுத்த கேட்டுக்கும் கொடுத்திருந்தால், அந்த எல்.இ.டி. மின்னழுத்தத்தைக் கீழே இழுத்து அடுத்த கேட்டைக் குழப்புவதைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு ஐசியின் மின்வழங்கிக் கால்களுக்கு இடையிலும் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் மின்தேக்கி ஒன்று இருக்கட்டும். இது அலங்காரம் அல்ல. பல வெளியீடுகள் ஒரே கணத்தில் மாறும்போது மின்வழங்கிக் கோட்டில் விழும் பள்ளத்தை நிரப்புவது அதுதான்.

கூட்டல்-கழித்தல் சுற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையின் மிகப் பழைய புராஜெக்டுகளில் இது ஒன்று: 1937-இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் தன் வீட்டுச் சமையலறை மேசையில் ரிலேக்களையும் டார்ச் பல்புகளையும் தகரப் பட்டைகளையும் வைத்து, இரண்டு பிட்டுகளைக் கூட்டும் சுற்றைச் செய்து பார்த்தார். இன்று 74எல்எஸ்283 (நான்கு பிட் கூட்டி) ஒன்றும் 7486 (நான்கு எக்ஸ்-ஆர் கேட்டுகள் கொண்டது) ஒன்றும் போதும். இரண்டாவது எண்ணின் நான்கு பிட்டுகளையும் எக்ஸ்-ஆர் கேட்டுகள் (இரண்டு உள்ளீடுகளும் வேறுபட்டால் மட்டும் 1 தருபவை) வழியாக அனுப்பி, அவற்றின் மறு உள்ளீட்டையும் கூட்டியின் தொடக்கக் கேரியையும் (முந்தைய இடத்திலிருந்து வரும் மிகுதி) ஒரே சுவிட்சில் இணைத்தால், சுவிட்ச் 0-இல் கூட்டலும் 1-இல் இரண்டின் நிரப்பு முறையில் (பிட்டுகளைப் புரட்டி 1 கூட்டும் முறை) கழித்தலும் நடக்கும். இதோடு நிறுத்தினால் இது ஒரு மாலை வேலைதான், புராஜெக்ட் என்று சொல்ல மாட்டேன். ஓவர்ஃப்ளோ விளக்கு (விடை நான்கு பிட்டுக்குள் அடங்காததைக் காட்டுவது) ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள், அப்போது சுவாரசியம் வரும். கடைசிப் பிட்டுக்குள் நுழையும் கேரியும் அதிலிருந்து வெளியேறும் கேரியும் வேறுபட்டால் ஓவர்ஃப்ளோ என்று பாடம் சொல்கிறது; ஆனால் 283-இல் உள்ளே நுழையும் அந்தக் கேரிக்கு வெளியே கால் கிடையாது. அதை எப்படிப் பெறுவது? கடைசி இடத்தின் இரண்டு உள்ளீட்டுப் பிட்டுகளையும் (இரண்டாவதை எக்ஸ்-ஆரைக் கடந்த பிறகு எடுக்க வேண்டும்) விடைப் பிட்டையும் எக்ஸ்-ஆர் செய்தால் மறைந்திருக்கும் கேரி வெளிப்படும். அதை வெளிக் கேரியோடு இன்னொரு முறை எக்ஸ்-ஆர் செய்தால் விளக்குக்கான சமிக்ஞை கிடைத்துவிடும். மொத்தம் மூன்று கேட்டுகள். இரண்டாவதாக ஒரு 7486 வாங்கினால் அதில் ஒன்று மிச்சம். இதைத் தாங்களாகவே கண்டுபிடித்த குழுவுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். இருந்தாலும் இந்தச் சுற்றில் காலம் பெரிதாகத் தலைகாட்டுவதில்லை. அதனால்தான் கடிகாரத்தை முன்னால் வைக்கிறேன்.

கடிகாரத்தில் முதல் கேள்வி, ஒரு வினாடிக்கு ஒரு துடிப்பை எங்கிருந்து பெறுவது என்பது. பெரும்பாலோர் 555 டைமரை (துடிப்புகளை உண்டாக்கும் ஐசி) எடுப்பார்கள். 555-இன் அதிர்வெண் வெளியே மாட்டும் மின்தடைகளையும் மின்தேக்கியையும் பொறுத்தது. 1 ஹெர்ட்ஸுக்குத் தேவைப்படும் எலக்ட்ரோலிடிக் மின்தேக்கி தன் மேல் எழுதியிருக்கும் மதிப்பிலிருந்து 20 சதவீதம் வரை விலகியிருப்பது சாதாரணம். மாறுமின்தடையைத் திருகி அதைச் சரிசெய்து, பிழையை ஒரு சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிட்டதாக வைத்துக்கொண்டாலும், ஒரு நாளில் கடிகாரம் 14 நிமிடம் 24 வினாடி தவறும். 32,768 ஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் படிகத்தை, ஒவ்வொரு படியிலும் அதிர்வெண்ணைப் பாதியாக்கும் 4060 ஐசியோடு இணைத்தால், அதன் பதினான்கு படிகளைக் கடந்து 2 ஹெர்ட்ஸ் வரும். ஒரு ஃபிளிப்-ஃபிளாப் (ஒரு பிட்டை நினைவில் வைக்கும் சுற்று) அதைப் பாதியாக்கி 1 ஹெர்ட்ஸ் தரும். 32,768 என்பது இரண்டின் பதினைந்தாம் அடுக்கு என்பதால்தான் அந்தப் படிகம் கைக்கடிகாரங்களில் இருக்கிறது. அதன் பிழை பத்து லட்சத்தில் 20 பங்கு என்று கொண்டால் ஒரு நாளில் 2 வினாடிக்கும் குறைவு. 555-இல் தொடங்கி, சுற்று முழுவதும் ஓடிய பிறகு படிகத்துக்கு மாறுங்கள். இரண்டையும் ஓர் இரவு ஓடவிட்டு வேறுபாட்டை அளந்து அறிக்கையில் எழுதினால், அதுவே நல்லதொரு சோதனை.

அடுத்தது எண்ணும் பகுதி. 0 முதல் 9 வரை எண்ணக்கூடிய 7490 என்ற பழைய கவுண்டர் ஐசியையே முதலில் பரிந்துரைக்கிறேன்; அதன் கோணல்கள் கற்றுக்கொடுப்பவை. மின்வழங்கி வழக்கமான மூலைகளில் இல்லாமல் 5-ஆம் காலிலும் தரை 10-ஆம் காலிலும் வருகின்றன. மற்ற ஐசிக்களைப் போல 14, 7 என்று எண்ணி இணைத்தவர்கள் ஐசி சூடாவதையோ அசையாமல் நிற்பதையோ பார்ப்பார்கள். பத்து வரை எண்ண வேண்டுமென்றால் 12-ஆம் காலை 1-ஆம் காலோடு நீங்களே இணைக்க வேண்டும். இணைக்காவிட்டால் உள்ளே உள்ள இரண்டால் வகுக்கும் பகுதியும் ஐந்தால் வகுக்கும் பகுதியும் தனித்தனியாகவே கிடக்கும். காட்சியில் 9 மட்டும் உறைந்து நின்றால் உடனே 6, 7 ஆகிய கால்களைப் பாருங்கள். அவை இரண்டும் 1 ஆனால் கவுண்டரை 9-க்குத் தள்ளிப் பிடிப்பவை. டிடிஎல்லில் தொங்கும் உள்ளீடு 1 ஆக நடந்துகொள்ளும் என்று மேலே சொன்னதன் நேரடி விளைவு இது. அவற்றைத் தரையோடு இணைத்த பிறகு 0-இல் உறைந்து நின்றால், அதே குற்றம் கவுண்டரை 0-க்குத் தள்ளும் 2, 3 ஆகிய கால்களில் நடக்கிறது என்று பொருள்.

வினாடியின் பத்தாம் இடம் 0 முதல் 5 வரை மட்டும் எண்ண வேண்டும். இதற்கு வழக்கமான வழி, 6 வந்தவுடன் 1 ஆகும் இரண்டு வெளியீடுகளை, அதாவது 9-ஆம் காலையும் 8-ஆம் காலையும், 2, 3 ஆகிய ரீசெட் கால்களுக்குக் கொண்டுபோவது. ரீசெட் ஆக அந்த இரண்டும் 1 ஆக வேண்டும் என்பதால் தனி ஆண்ட் கேட் தேவையில்லை. தாளில் பார்த்தால் சுற்று 5-இலிருந்து 0-க்குப் போகிறது. மேசையில் அது 5-இலிருந்து 6-க்குப் போய், அங்கே சில பத்து நானோவினாடிகள் இருந்துவிட்டு, அந்த 6-ஆலேயே துரத்தப்பட்டு 0-க்கு வருகிறது. கண்ணுக்கு 6 தெரியாது. அலைக்காட்டியை 9-ஆம் காலில் வைத்தால் ஓர் ஊசி போலத் தெரியும். அந்த ஊசியைப் படமெடுத்து அறிக்கையில் ஒட்டுங்கள்.

இந்த ஊசி எப்போது உண்மையான தொல்லையாக மாறுகிறது என்பது மணிப் பகுதியில் தெரியும். 24 வந்ததும் மணியின் இரண்டு ஐசிக்களும் சேர்ந்து 0 ஆக வேண்டும். பத்தாம் இடத்தின் 2-ஐக் காட்டும் காலையும் ஒன்றாம் இடத்தின் 4-ஐக் காட்டும் காலையும் இரண்டு ஐசிக்களின் ரீசெட் கால்களுக்கும் கொடுப்பார்கள். இரண்டு ஐசிக்களும் ஒரே வேகத்தில் ரீசெட் ஆகும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. ஒன்று முந்திக்கொண்டு 0 ஆனால், ரீசெட்டுக்கான நிபந்தனையே அந்தக் கணத்தில் கலைந்துவிடும். பிந்தியது ரீசெட் ஆகாமலே போகலாம். அப்படியானால் நள்ளிரவில் கடிகாரம் 00 என்று காட்டுவதற்குப் பதிலாக 20 என்றோ 04 என்றோ காட்டும். நாள் முழுக்கச் சரியாக ஓடி, நள்ளிரவில் மட்டும், அதுவும் எப்போதாவது தவறும் கடிகாரத்தைவிடத் தொல்லையான சுற்று வேறில்லை. ஆகவே சோதனையின்போது வினாடித் துடிப்பை எடுத்துவிட்டு, 555-இலிருந்து வேகமான துடிப்பை நேராக மணிப் பகுதிக்குக் கொடுத்து, நூற்றுக்கணக்கான நள்ளிரவுகளைச் சில நிமிடங்களில் கடக்கவிட வேண்டும்.

தீர்வு இரண்டு வகை. ரீசெட் சமிக்ஞையை எஸ்ஆர் லாட்ச் (ஒருமுறை மாறினால் மறு சமிக்ஞை வரும் வரை அப்படியே நிற்கும் சுற்று) ஒன்றில் பிடித்துவைத்து, துடிப்பின் மறுபாதி வரும் வரை விடாமல் வைப்பது ஒன்று. அடிப்படையான தீர்வு, எல்லாப் பகுதியும் ஒரே கிளாக்கில் (துடிப்பில்) இயங்கும் கவுண்டருக்கு மாறுவது. 74163 என்ற அத்தகைய கவுண்டரில் கிளியர் (0 ஆக்குதல்) என்பது அடுத்த கிளாக் விளிம்பில்தான் நடக்கும். எனவே 6-ஐப் பார்த்து உடனே துரத்துவதற்குப் பதில் 5-ஐக் கண்டு, ‘அடுத்த விளிம்பில் 0’ என்று சொல்லிவைக்கிறோம். ஊசிக்கே இடமில்லை. ஆனால் வாங்கும்போது கவனம் தேவை: 74161-க்கும் 74163-க்கும் கால்களின் வரிசை ஒன்றே, கிளியர் நடக்கும் விதம் மட்டும் வேறு, 161-இல் அது உடனே நடந்துவிடும். 163-க்கு வரைந்த சுற்றில் 161-ஐச் செருகினால் 5 தோன்றிய மாத்திரத்தில் அழிந்து, கவுண்டர் 0 முதல் 4 வரை மட்டும் எண்ணும். ‘நிமிடத்துக்கு ஐம்பது வினாடி’ காட்டும் கடிகாரத்தைக் கண்டால் ஐசியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

நேரத்தைத் திருத்த ஒரு பொத்தான் வேண்டும். அதை ஒருமுறை அழுத்தினால் நிமிடம் மூன்றோ நான்கோ தாவும். உள்ளே இருக்கும் உலோகத் தகடுகள் மோதி நிலைகொள்வதற்குள் சில மில்லிவினாடிகள் துள்ளுகின்றன. நானோவினாடிக் கணக்கில் இயங்கும் கவுண்டருக்கு ஒவ்வொரு துள்ளலும் தனித்தனித் துடிப்புதான். இருபக்கம் மாறும் சுவிட்ச் ஒன்றும் இரண்டு நாண்ட் கேட்டுகளும் கொண்டு லாட்ச் செய்தால் இது முற்றிலும் நின்றுவிடும்: தகடு ஒரு பக்கத்தை முதல்முறை தொட்டதுமே லாட்ச் மாறிவிடுகிறது, மறுபக்கத்தைத் தொடும் வரை அது திரும்புவதில்லை.

காட்சிப் பகுதியில், எண்ணுக்கேற்ற துண்டுகளை எரியவைக்கும் 7447-உடன் காமன் ஆனோடு (துண்டுகளின் நேர்முனைகள் ஒன்றாக இணைந்த) வகைக் காட்சியைத்தான் வாங்க வேண்டும். ஏழு துண்டுகளுக்கும் ஏழு மின்தடைகள் வைப்பதற்குச் சோம்பி, பொதுக் காலில் ஒரே மின்தடையை வைப்பவர்கள், 1 பளிச்சென்றும் 8 மங்கலாகவும் எரிவதைக் காண்பார்கள். அதே மின்னோட்டத்தை முன்னதில் இரண்டு துண்டுகளும் பின்னதில் ஏழும் பகிர்ந்துகொள்கின்றன. 7447-இல் 6-க்கு மேல்கோடும் 9-க்குக் கீழ்க்கோடும் இருக்காது. அது பழுதல்ல, அந்த ஐசியின் எழுத்து அப்படித்தான். ஆறு இலக்கங்களும் சேர்ந்து துண்டுக்கு 10 மில்லியாம்பியர் வீதம், எல்லாம் எரியும் நிலையில், 420 மில்லியாம்பியர் இழுக்கும். சிறிய 9 வோல்ட் பெட்டி பேட்டரியும் அதை 5 வோல்ட்டாகக் குறைக்கும் 7805-உம் இதற்குத் தாங்காது. 5 வோல்ட் செல்போன் சார்ஜர் ஒன்றின் கேபிளை வெட்டிப் பயன்படுத்துவது மலிவும் பாதுகாப்பும் ஆகும்.

வினாடி வினா பஸ்ஸர் இதைவிடச் சிறியது, ஆனால் வாய்மொழித் தேர்வில் இதைவிட நல்ல கேள்விகளைத் தருவது. நான்கு போட்டியாளர்களுக்கு 74எல்எஸ்373 லாட்ச் (திறந்திருக்கும்போது உள்ளீட்டை அப்படியே வெளியே காட்டி, மூடியதும் பிடித்துவைப்பது) ஒன்று, நான்கு உள்ளீட்டு ஆண்ட் கேட்டான 7421 ஒன்று, ரீசெட்டுக்கு 7432-இன் ஓர் ஆர் கேட் ஆகியவை போதும். யாரும் அழுத்தாதவரை எல்லா வெளியீடுகளும் 1. ஆண்ட் கேட்டின் வெளியீடும் 1. அது லாட்சைத் திறந்து வைத்திருக்கிறது. ஒருவர் அழுத்தியதும் அவருடைய வெளியீடு 0 ஆகி, ஆண்ட் கேட் விழுந்து, லாட்ச் மூடிக்கொள்ளும். மற்றவர்கள் எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. இங்கே பொத்தானின் துள்ளல் ஒரு பொருட்டே அல்ல என்பதைக் கவனியுங்கள்: முதல் தொடுகையிலேயே கதவு மூடிவிடுகிறது. கடிகாரத்தில் கட்டாயமாக இருந்த துள்ளல் நீக்கி இங்கே ஏன் தேவையில்லை என்று கேட்டால் பலர் திகைக்கிறார்கள்.

இதில் முரண்பாடு எங்கே இருக்கிறது? ஒருவர் அழுத்திய கணத்துக்கும் லாட்ச் மூடும் கணத்துக்கும் நடுவே லாட்ச், ஆண்ட், ஆர் ஆகிய மூன்றின் தாமதங்களும் சேர்ந்து சில பத்து நானோவினாடிகள் இருக்கின்றன. அந்த இடைவெளிக்குள் இன்னொருவரும் அழுத்தினால் இரண்டு விளக்குகளும் எரியும். மனிதர்கள் அவ்வளவு நெருக்கமாக அழுத்துவது அரிது. ஆனால் இரண்டு உள்ளீடுகளை ஒரே பொத்தானில் இணைத்து அந்த நிலையை நாமே உண்டாக்கலாம். அப்போது என்ன நடக்க வேண்டும் என்று முடிவெடுப்பது வடிவமைப்பாளரின் வேலை. 74148 போன்ற முன்னுரிமை என்கோடரைச் சேர்த்தால் ஒரே ஒருவர்தான் வெல்வார். ஆனால் சமநிலையில் எப்போதும் பெரிய எண்காரரே வெல்வார், அது நியாயமா என்ற கேள்வி வரும். இரண்டு விளக்குகளையும் எரியவிட்டு, ‘இருவரும் சமம்’ என்று அறிவிப்பதே எனக்கு நேர்மையானதாகப் படுகிறது.

போக்குவரத்து விளக்குப் புராஜெக்டை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. ஆய்வகங்களில் இந்தப் பெயரில் காட்டப்படுவதில் பெரும்பகுதி, ஒரு கவுண்டரும் அதன் வெளியீடுகளை வண்ண விளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிகோடரும்தான். அதைத் தகுதியுள்ளதாக ஆக்க, பாதசாரி அழுத்தும் பொத்தான் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்தப் பொத்தான் நம் கிளாக்கைப் பார்த்துக்கொண்டு அழுத்தப்படுவதில்லை. ஃபிளிப்-ஃபிளாப் தன் உள்ளீட்டைப் படிக்கும் அதே கணத்தில் அது மாறலாம், அப்போது வெளியீடு 0-க்கும் 1-க்கும் நடுவே சற்று நேரம் தடுமாறலாம். அதனால் வெளியிலிருந்து வரும் எந்தச் சமிக்ஞையையும் அடுத்தடுத்த இரண்டு டி ஃபிளிப்-ஃபிளாப்கள் வழியாகவே உள்ளே எடுக்க வேண்டும். இன்னொன்று: ஆறு நிலைகளை மூன்று ஃபிளிப்-ஃபிளாப்களில் எழுதும்போது இரண்டு நிலைகள் பயனின்றி மீதமாகின்றன. கார்னோ வரைபடத்தில் அவற்றை ‘எதுவானாலும் சரி’ என்று குறித்துச் சமன்பாட்டைச் சுருக்குகிறோம். ஆனால் மின்சாரம் வந்ததும் சுற்று அந்த நிலைகளில் விழித்துக்கொண்டால் எங்கே போகும் என்பதைச் சுருக்கிய சமன்பாட்டில் திரும்பப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. இரண்டும் ஒன்றுக்கொன்று கைமாறிக்கொண்டே இருந்தால் விளக்குகள் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அந்த இரண்டு நிலைகளிலும் எல்லாப் பக்கமும் சிவப்பு, அடுத்த துடிப்பில் தொடக்க நிலை என்று எழுதிவிடுங்கள். இரண்டு கேட்டுகள் கூடுதலாகச் செலவானால் ஆகட்டும்.

எதை எடுத்தாலும் வேலை செய்யும் முறை ஒன்றுதான். முதலில் லாஜிசிம்-எவல்யூஷன் போன்ற இலவச சிமுலேட்டரில் சுற்றை வரைந்து ஓட்டிப் பாருங்கள். லாஜிக் பிழைகள் அங்கேயே வெளிப்பட்டுவிடும். பிரெட்போர்டில் தெரிவது மின்பிழைகளாக மட்டும் இருக்கும். பிறகு சுற்று வரைபடத்தில் ஒவ்வொரு கம்பிக்கும் கால் எண் எழுதுங்கள். 7402-இல் வெளியீடு 1-ஆம் காலில் தொடங்கும் என்பது போன்ற விஷயங்கள் அப்போதே கண்ணில் படும். ஒரு பகுதியைக் கட்டி, சோதித்து, அது நின்ற பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும்; முழுக் கடிகாரத்தையும் கட்டி முடித்து ஒரேயடியாக மின்சாரம் கொடுப்பது, இருபது ஐசிக்களில் எது தவறு என்று தெரியாமல் நிற்பதில்தான் முடியும். பிழை தேடும்போது மல்டிமீட்டரின் முனையைப் பிரெட்போர்டின் துளையில் வைக்காமல் ஐசியின் காலிலேயே வையுங்கள். துளைக்கும் காலுக்கும் நடுவேதான் பல நேரம் தொடர்பு அறுந்திருக்கும். டிடிஎல் உள்ளீடு ஒன்றில் 1.5 வோல்ட் அளவில் படித்தால் அது 0-உம் அல்ல, 1-உம் அல்ல. கம்பி வந்து சேரவில்லை. நீளமான பிரெட்போர்டுகளில் மின்வழங்கிக் கோடு நடுவில் துண்டிக்கப்பட்டிருக்கும், அதையும் பாருங்கள். நால்வரில் ஒருவர் கம்பி செருக மூவர் வேடிக்கை பார்ப்பதைத் தவிர்க்க, துடிப்பு, வினாடி-நிமிடம், மணி, காட்சி என்று ஆளுக்கொரு போர்டாகப் பிரித்து, இடையே செல்லும் கம்பிகளின் பெயர்களை முதல் நாளே எழுதி ஒப்புக்கொள்ளுங்கள்.

இதன் பிறகு எஃப்பிஜிஏவுக்கு வந்தால், அதே கடிகாரம் வேறு பாடம் சொல்லும். பேசிஸ் 3 என்ற எஃப்பிஜிஏ போர்டில் கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ். அதிலிருந்து ஒரு வினாடியைப் பெற 10 கோடி வரை எண்ண வேண்டும், அதற்கு 27 பிட் கவுண்டர் தேவை. 7490-இல் பழகியவர்கள் இந்தக் கவுண்டரின் வெளியீட்டையே அடுத்த பகுதியின் கிளாக்காகக் கொடுப்பார்கள். பிரெட்போர்டில் அது இயல்பான வழி. எஃப்பிஜிஏவில் அது கெட்ட பழக்கம், ஏனென்றால் அங்கே கிளாக்குக்கென்று தனிப் பாதைகள் இருக்கின்றன, சாதாரணக் கம்பியில் போகும் கிளாக் ஒவ்வொரு ஃபிளிப்-ஃபிளாப்பையும் வெவ்வேறு நேரத்தில் அடையும். எல்லா ஃபிளிப்-ஃபிளாப்களுக்கும் அதே 100 மெகாஹெர்ட்ஸைக் கொடுத்து, வினாடிக்கு ஒரே ஒரு கிளாக் சுழற்சி மட்டும் 1 ஆகும் அனுமதிச் சமிக்ஞை ஒன்றை உருவாக்கி, அது 1 ஆக இருக்கும்போது மட்டும் எண்ணச் சொல்ல வேண்டும். 74163-ஐ அடுக்கிக் கட்டியவர்களுக்கு இது புதிதல்ல. அதன் எனேபிள் கால் செய்வதும் இதுவே. காம்பினேஷனல் சுற்றை (நினைவு இல்லாமல், உள்ளீட்டை மட்டும் பொறுத்து விடை தருவது) விவரிக்கும் பகுதியில் எல்லா நிலைகளுக்கும் மதிப்புக் கொடுக்காமல் விட்டால் மென்பொருள் கேட்காமலே ஒரு லாட்சை வைத்துவிடும்; அந்த எச்சரிக்கைச் செய்தியைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். ஐகாரஸ் வெரிலாக் (சிமுலேட்டர்), ஜிடிகேவேவ் (அலைவடிவம் காட்டும் மென்பொருள்) ஆகிய இரண்டும் இலவசம். போர்டு கையில் இல்லாத நாள்களில் டெஸ்ட்பெஞ்ச் (சுற்றுக்கு உள்ளீடு கொடுத்துச் சோதிக்கும் நிரல்) எழுதி 23:59:59-இலிருந்து தாண்டுவதை அவற்றில் பார்க்கலாம். பொத்தான் மட்டும் இங்கே தானாகத் துள்ளாது, போர்டில் துள்ளும்.

பொருள்கள் வாங்குவதைப் பற்றி. சென்னையில் இருப்பவர்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு இருக்கிறது. மற்ற ஊர்களில் இணையக் கடைகளே பெரும்பாலும் கைகொடுக்கும். பழைய எண்களில் சில, குறிப்பாக 7483 (நான்கு பிட் கூட்டி), 7476 (ஜேகே ஃபிளிப்-ஃபிளாப்) ஆகியவை, கிடைப்பது அரிதாகிவருகிறது. 7476-க்குப் பதிலாக 7474 டி ஃபிளிப்-ஃபிளாப்பை வைத்துச் சுற்றைத் திருத்திக்கொள்ளலாம். 7483-க்குப் பதில் 74எல்எஸ்283 அதே வேலையைச் செய்யும், ஆனால் அப்படியே மாற்றிச் செருகிவிடக் கூடாது: பழையதில் மின்வழங்கி 5-ஆம் காலிலும் தரை 12-ஆம் காலிலும், புதியதில் 16-ஆம் காலிலும் 8-ஆம் காலிலும் வருகின்றன. வாங்கிய ஐசிக்களை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், சுற்றில் வைக்கும் முன், தனித்தனியாகப் போர்டில் செருகி உண்மை அட்டவணை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.